மனுவேல் தெ ஃபாயா

இசை எந்நாட்டார்க்கும் பொதுவாயினும், ஒவ்வொரு நாட்டின் மண்ணும் காற்றும் அந்நாட்டு இசையிற் கலந்தே நிற்கும். தம் நாட்டு மக்களின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு, அதன் உயிரை அறிந்து, உலக மேடையில் ஏற்றிய புலவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஸ்பெயின் தேசத்து மனுவேல் தெ ஃபாயா.

இவர் 1876ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள், அட்லாண்டிக் கடலோரத்துக் காதிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் வணிகர். பியானோவில் முதற் பாடம் கற்பித்தவர் அன்னையாரே. பின்னர்க் குடும்பத்தின் செல்வம் சுருங்கிற்று; மாட்ரிட் நகரை அடைந்த இளைஞர், வயிற்றுப்பாட்டின் பொருட்டு ஸார்ஸுவேலா எனப்படும் இலகுவான இசை நாடகங்கள் சிலவற்றை எழுதினார். அவற்றாற் பொருளும் வரவில்லை, புகழும் வரவில்லை. எனினும் அந்நாளில் பெலிப்பே பெத்ரெல் என்னும் நல்லாசிரியர் வாய்த்தார். ஒரு நாட்டின் உயர்ந்த இசைக்கு அந்நாட்டுப் பாமர மக்களின் பாட்டே அடிப்படை என்பது அவர் கொள்கை. அவ்வித்து மாணவர் உள்ளத்தில் ஆழ ஊன்றிற்று.

1905இல் கலைக் கழகம் ஒன்று நடத்திய போட்டியில், 'குறுகிய வாழ்வு' என்னும் பொருள்படும் இவரது இசை நாடகம் பரிசு பெற்றது. பரிசு கிடைத்ததேயன்றி மேடை கிடைக்கவில்லை. 1907இல் சின்னாட் பயணமாகப் பாரிஸ் சென்றவர், அங்கேயே ஏழாண்டு தங்கினார். பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். தெபுஸ்ஸி, தியூக்கா, ரவெல் முதலிய பிரெஞ்சுப் புலவரும், தம் நாட்டவரான அல்பேனிஸும் அவருக்கு உற்ற நண்பராயினர். பரிசு பெற்ற நாடகம் 1913இல், எட்டாண்டுகளுக்குப் பின், பிரான்சு நாட்டு நீஸ் நகரிலேதான் முதன்முதல் அரங்கேறிற்று. அடுத்த ஆண்டு பெரும்போர் மூளவே, தாயகம் திரும்பினார்.

இதன்பின் வந்த ஐந்தாண்டுகளே இவர் புகழை நிலைநாட்டியவை. 1915இல் மாட்ரிடில் 'மாயக் காதல்' என்னும் கூத்து அரங்கேறிற்று. இறந்த காதலனின் ஆவியால் அலைக்கழிக்கப்படும் ஜிப்ஸிப் பெண்ணின் கதை அது. அதிலுள்ள நெருப்பு நடனம் இன்று இசைத்தட்டுகளின் வாயிலாக உலகெங்கும் ஒலிக்கின்றது. அதனைக் கேட்போர் மூன்றினைக் கவனித்தல் வேண்டும். முதலாவது காலப் பிரமாணம்: விரைவாக, ஆனால் மிகையாகாமல், பாரத்தோடு வாசிக்க வேண்டுமென்று ஆசிரியர் குறித்துள்ளார். வேகத்தை மட்டும் கூட்டுவோர் அப்பாரத்தை இழப்பர். பாரம் போனால் அச்சமும் போகும். இரண்டாவது சுருதி: மேனாட்டார் ஈ என வழங்கும் சுரமே ஆதாரமாக நிற்க, தந்திக் கருவிகள் தீ நாக்குகள்போல் நடுங்குகின்றன, அதன்மேல் ஓபோ என்னும் குழல் பாம்புபோல் நெளிந்து பாடுகின்றது. மூன்றாவது சுவை: அச்சத்தில் தோன்றி, வெறியாய் வளர்ந்து, அடித்தடித்து ஒலிக்கும் முழக்கத்தில் முடிகின்றது.

1916இல் வெளிவந்த 'ஸ்பெயின் தோட்டங்களில் இரவுகள்' இதற்கு நேர்மாறானது. பியானோவும் பெருங்குழுவும் சேர்ந்து இசைக்கும் அப்படைப்பில், பியானோ தனியரசு செலுத்துவதில்லை. குழுவினுள் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றது. முதற்பகுதி கிரனாடாவின் கெனராலிபே தோட்டத்தின் அமைதியும் மறைபொருளும் பொருந்தியது. இரண்டாவது தொலைவிற் கேட்கும் ஒரு நடனம். அஃது இடையறாது மூன்றாம் பகுதியில் பாய்ந்து, களியாட்டாய்ப் பொங்கி, ஈற்றில் இரவோடு அடங்குகின்றது.

1919இல் இலண்டனில், தியாகிலெவ் குழுவினர் 'முக்கோணத் தொப்பி' என்னும் நடனக் கூத்தை ஆடினர். திரைகளும் உடைகளும் பிக்காஸோ வரைந்தவை. அதில் வரும் ஆலைக்காரனின் நடனம் கனத்த அடிகளால் தொடங்கி, முடிவை நெருங்க நெருங்கக் காலம் விரைந்தேறுவது. மக்கள் அதனைக் கண்டு ஆரவாரித்தனர். ஆசிரியரோ அரங்கில் இல்லை. முதற் பாடம் சொல்லித் தந்த அன்னையார் மரணத் தறுவாயில் உள்ளார் என்ற தந்தி கண்டு புறப்பட்டுவிட்டார். முகம் காணுமுன் அன்னையாரும் மறைந்தார்.

பின்பு தமக்கென ஒரு குடும்பம் இன்றி, தங்கையாரோடு கிரனாடாவில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். நோய் மெலிந்த உடல், ஆழ்ந்த சமயப் பற்று, எளிய வாழ்வு. 1922இல் கவிஞர் பெதெரிக்கோ கார்ஸியா லோர்க்கா முதலியோருடன் சேர்ந்து, அல்ஹம்ப்ராவில் பண்டைய நாட்டுப் பாடற் போட்டி ஒன்றை நடத்தினார். பரிசு பெற்றோருள் முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் இருந்தனர். 1926இல் ஹார்ப்ஸிகார்டுக்கும் ஐந்து கருவிகளுக்குமாக ஓர் இசைப் படைப்பை வெளியிட்டார். 1930இல் தாமே வாசித்து இசைத்தட்டிற் பதித்தார்.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் லோர்க்கா சிறைப்பட்டார். சண்டை சச்சரவுகட்கு அஞ்சி ஒதுங்கி வாழ்ந்தவரும் நோயாளருமான ஃபாயா, கட்சிச் சார்பு எதுவுமின்றி, நண்பரின் உயிருக்காகப் பரிந்து பேச அதிகாரிகளிடம் சென்றார். காலம் கடந்துவிட்டது, கவிஞர் கொல்லப்பட்டார். அத்துயரம் இவரை விட்டகலவில்லை. 1939இல் அர்ஜென்டினா சென்று, புவேனஸ் ஐரிஸ் நகரில் இசைக் கச்சேரிகள் நடத்தினார். மீண்டு தாயகம் திரும்பவில்லை. 1946 நவம்பர் 14ஆம் நாள், எழுபதாண்டு நிறைய ஒன்பது நாள் இருக்கையில், ஆல்தா கிராஸியா என்னும் ஊரில் உயிர் நீத்தார். இருபதாண்டு உழைத்த 'அட்லாந்திதா' முற்றுப்பெறாமலே நின்றது. மாணவர் எர்னெஸ்தோ ஹால்ப்தெர் அதனை முடிக்க, 1961இல் பார்ஸிலோனாவில் முதலில் ஒலித்தது. அவர் உடல் காதிஸ் பெருங்கோயிலின் நிலவறையில் அடக்கம் செய்யப்பெற்றது.

இவர் எழுதியவை மிகச் சில. ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்து நிறுத்து எழுதியமையே காரணம். மேடைக்கு எட்டாண்டு காத்திருந்த பொறுமையும், நண்பருக்காக அச்சத்தை வென்ற துணிவும் அதே உள்ளத்திற் பிறந்தவை. இசையிற் போலவே வாழ்விலும், காலமும் சுருதியும் பிசகாது நின்றார் மனுவேல் தெ ஃபாயா.