தொண்ணூறில் தொடங்கிய ஊர்

தோழா! அறுபதை எட்டிவிட்டால் ஆலையிலே கணக்குத் தீர்த்துக் கையில் கொடுக்கிறார்கள். வீட்டிலோ சாவிக்கொத்து மருமகளிடம், பணப்பெட்டி மகனிடம். கிழவனுக்கு மிஞ்சுவது திண்ணையும் வெற்றிலைப் பெட்டியும்! உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும்தான். அதற்காக, வாயையும் மூடிக்கொள் என்பது எந்த ஊர் நியாயம்?

விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையம் அறிவாயல்லவா? மழைநீர் அரித்த செம்மண், ஆங்காங்கே பனை. அந்தப் பொட்டலையொட்டி ஆரோவில் என்ற நகரை எழுப்பத் துணிந்தவர், பாரிசில் 1878-ல் பிறந்த மிர்ரா அல்ஃபாசா. புதுவை ஆசிரமத்தார் அவரை அன்னை என்றனர், தெய்வமென்று தொழுதனர். தொழுவோர் தொழட்டும், நமக்கு அந்த வேலை இல்லை. அந்த மூதாட்டியின் முதுமையைப் பார்ப்போம்.

அரவிந்தர் 1950 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 72. ஆசிரமம் முழுவதும் அவர் தோளில். ஒதுங்கினாரா? 1952-ல் கல்வி மையம் திறந்தார். எண்பது வயதுவரை டென்னிஸ் ஆடினார்! நம் வீட்டுக் கிழவி பந்தைத் தொட்டால் ஊர் சிரிக்கும்.

1962-ல் உடல் தளர்ந்தது. நடமாட்டம் மாடி அறையோடு நின்றது, முடிவெடுப்பது நிற்கவில்லை. 1968 பிப்ரவரி 28. தொண்ணூறு நிறைந்து ஒரு வாரம். ஆலமரத்தருகே ஏறத்தாழ ஐயாயிரம் பேர். 124 நாட்டு மண் தாமரை மொட்டு வடிவத் தாழியில் விழுகிறது. அவரோ அங்கே இல்லை! புதுவை அறையிலிருந்து அவர் குரலை வானொலி கொண்டுவந்தது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பத்திரிகைக்காரன் அல்ல. ஏவினால் செய்ய அவருக்கு ஆள் இருந்தது, பணமும் வந்தது. அந்தச் செம்மண்ணில் வரப்புக் கட்டி, குழி தோண்டி, கன்று நட்டுக் காடாக்கியதில் சுற்றுப்புறச் சிற்றூர்க் கூலியாட்களின் வியர்வையும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? கூலிக்காரக் கிழவிக்கு, நாளைக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையேனும் உண்டா? கஞ்சிக்கு வழி இருந்தாலல்லவா அந்த உரிமை!

1973 நவம்பர் 17-ல் அம்மையார் மறைந்தார், வயது 95. அவருக்கு ஓராண்டு இளையவர் நம் ஈரோட்டுக் கிழவர். கொள்கையில் இருவரும் இரு துருவம்; ஓய்வை ஏற்க மறுத்ததிலே ஒரே சாதி. மூத்திரப் பையைச் சுமந்தபடி டிசம்பர் 19-ல் சென்னைத் தியாகராய நகர் மேடையில் முழங்கிய பெரியார், 24-ல் வேலூர் மருத்துவமனையில் கண்மூடினார்.