ஓராண்டு நேர்ச்சை



குழந்தை பென்சிலைப் பிடித்து இழுத்தால் கலெக்டர் என்கிறோம். கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் இன்ஜினியர். ஓயாமல் எதிர்வாதம் பண்ணினால் வக்கீல். பெற்றோர் இப்படிச் சொல்லி மகிழ்வதில் குற்றமொன்றுமில்லை. ஓரியூர் செம்மண்ணில் இரத்தஞ் சிந்திய அர்ச். அருளானந்தரின் வீட்டிலோ, பிள்ளையின் வருங்காலத்தை ஊகிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது முன்னமே தீர்ந்துபோன காரியம் போலிருந்தது.

போர்த்துக்கல் தலைநகராகிய லிஸ்பனில் 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஜான் தெ பிரிட்டோ பிறந்தார். தகப்பனார் சல்வதோர் பெரிய பிரபு. பிரேசில் தேசத்தில் ஆளுநராயிருந்து அங்கேயே காலமானார். அப்போது ஜான் சிறு குழந்தை. தாயார் பிரித்தேஸ் அம்மாள் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். ஜானை அரண்மனைக்கு அனுப்பினார். அங்கே இளவரசர் பேதுருவுக்கு அவர் விளையாட்டுத் தோழன். பின்னால் அரசராகப் போகிறவரின் தோழனுக்குப் பதவிக்கா குறைவு?

அப்படியிருக்கையில் பிள்ளை கடும் வியாதியில் விழுந்தான். தாயார் அர்ச். சவேரியாரை மன்றாடி, மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை உடுத்துவிப்பதாக நேர்ந்துகொண்டார். நாம் வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மொட்டை போடுகிறோமே, அதுபோலத்தான். பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னும் அரண்மனையில் ஒரு வருஷம் கறுப்பு அங்கியோடு நடமாடினான். வருஷம் முடிந்தது, அங்கியும் கழன்றது. தாயாரைப் பொறுத்தவரை நேர்ச்சை தீர்ந்துவிட்டது.

மகனுக்குத் தீரவில்லை. 1662 டிசம்பர் 17-ந் தேதி, பதினைந்து வயதில், அதே அங்கியை நாடிச் சேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். அதையாவது தாயார் தாங்கிக்கொண்டார். மகன் லிஸ்பனிலேயே பேர்பெற்ற குருவாக இருக்கலாமல்லவா? ஆனால் அவர் இந்தியாவுக்குப் போகத் துணிந்ததும், அம்மாள் தமக்குள்ள செல்வாக்கையெல்லாம் திரட்டித் தடுக்கப் பார்த்தார். பாப்பானவரின் தூதரையே தலையிடச் செய்தார். கணவனைக் கடல் கடந்த தேசத்தில் பறிகொடுத்த கைம்பெண் வேறென்ன செய்வாள்? இதற்காக அந்த அம்மாளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குருமடத்துக்குப் போகிறேன் என்று மகன் சொன்ன அன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவதில்லை.

மகன் 1673-ல் குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறினார். மதுரை மிஷனில் கறுப்பு அங்கியும் போய்க் காவி வந்தது. பண்டார சுவாமியாராக மரக்கறி உண்டு, கால்நடையாய்த் திரிந்தார். ஜான் என்ற பேரும் அருளானந்தர் என்றாயிற்று. 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். மறு வருஷம் மிஷன் காரியமாக லிஸ்பன் திரும்பியபோது, பழைய விளையாட்டுத் தோழர் அரசராயிருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி வற்புறுத்தினார். தாயார் அன்று கண்ட கனவெல்லாம் மறுபடியும் வாசலுக்கே வந்து நின்றது! அருளானந்தர் 1690-ல் மீண்டும் கப்பலேறிவிட்டார்.

மறவ நாட்டுத் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுமுன், ஒரே மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அதனால் மூண்ட கோபத்தில் அருளானந்தர் பிடிபட்டு, 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர் 1947-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தார்.

மரணச் செய்தி லிஸ்பன் போய்ச் சேர்ந்ததும், அரசர் நன்றியறிதல் வழிபாடு நடத்தக் கட்டளையிட்டார். பிரித்தேஸ் அம்மாளும் கோவிலுக்கு வந்தார். துக்க உடையில் வரவில்லை. திருவிழா உடை உடுத்தி வந்திருந்தார்.