‘மிஸ் கமலா’ எங்கே? ஓர் அடி பிலிம்கூட மிஞ்சாத சினிமா ராணி!

தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி அவர்தான். தமிழில் படம் டைரக்ட் செய்த முதல் பெண்ணும் அவர்தான். சினிமா ராணி என்று ஜனங்கள் பட்டம் கொடுத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அவர் சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்த படத்தில் ஓர் அடி பிலிம்கூட இன்றுவரை யார் கையிலும் அகப்படவில்லை!

அவர் பெயர் டி.பி.ராஜலட்சுமி.

அவருக்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறோம். முதலில் அவர் கதை.

சிறு வயதில் கல்யாணம்

தஞ்சை ஜில்லா திருவையாறு. அங்கே ஒரு கிராமக் கணக்குப்பிள்ளையின் மகளாக 1911-ம் ஆண்டு பிறந்தார். பாவாடை கட்டி விளையாடும் வயதிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். வரதட்சணைத் தகராறு வந்தது. பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். தகப்பனாரும் காலமானார்.

தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். கையில் காசு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, குரல்! காதால் கேட்ட பாட்டை அப்படியே பாடுவாள் அந்தப் பெண். சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். நாடக உலகின் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளே அந்தப் பெண்ணின் திறமையை மெச்சினாராம்.

ஆண்களே சேலை கட்டி ஸ்திரீபார்ட் போட்ட காலம் அது. அக்கிரகாரத்துப் பெண் மேடை ஏறினாள் என்றால் சும்மா விடுவார்களா? ஊர் ஏசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிட்டப்பா போன்ற பெரிய நடிகர்களோடு மேடையில் சரிக்குச் சரி நின்று பாடினார். நாடகத்துக்கு நடுவே தேசபக்திப் பாட்டும் பாடினார்.

ஆளுக்கு ஒரு பாஷை!

1931-ம் ஆண்டு மார்ச் மாதம், இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. அதை எடுத்த அர்தேஷிர் இரானி, அடுத்துத் தமிழர்களுக்கு ஒரு படம் தர நினைத்தார். அதுதான் ‘காளிதாஸ்’. டைரக்டர் எச்.எம்.ரெட்டி. கதாநாயகி ராஜலட்சுமி. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை.

அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை. கதாநாயகி தமிழில் பேசுவார். கதாநாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார். மற்றவர்கள் வாய்க்கு வந்த பாஷையில் பேசினார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தியாகராஜர் கீர்த்தனையும் வரும், காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டும் வரும். பாட்டு எழுதியவர் நம்ம மதுரை மதுரகவி பாஸ்கரதாஸ்.

1931 அக்டோபர் 31-ந்தேதி சென்னை சினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. படப்பெட்டி ரெயிலில் வந்து இறங்கியபோது தேங்காய் உடைத்து, பன்னீர் தெளித்து, ஊர்வலமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். 8 ஆயிரம் ரூபாயில் எடுத்த படம் 75 ஆயிரம் ரூபாய் வசூல் செய்ததாகவும் ஒரு கணக்கு உண்டு.

அடுத்தது ‘வள்ளி திருமணம்’

1933-ல் ‘வள்ளி திருமணம்’ வந்தது. திருவிழா ராத்திரிகளில் வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியப் பார்க்கிற நம்ம பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். படத்தில் வள்ளி ராஜலட்சுமிதான். படம் பிரமாதமாக ஓடியது. கூட நடித்த டி.வி.சுந்தரத்தையே அவர் மணந்துகொண்டார்.

பிறகுதான் அந்தத் துணிச்சல்! 1936-ல் சொந்தக் கம்பெனி. தானே எழுதிய ‘கமலவல்லி’ நாவல்தான் கதை. நடிப்பு, டைரக்ஷன் எல்லாம் அவரே. ‘மிஸ் கமலா’ வெளிவந்தது. பெற்ற மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். படம் பணத்தை அள்ளித் தரவில்லை. 1939-ல் ‘மதுரை வீரன்’ எடுத்தார். காலம் மாறியது. புதுமுகங்கள் வந்தார்கள். சேர்த்த சொத்தெல்லாம் கரைந்தது. 1964-ல் கண்ணை மூடினார்.

பழைய படங்களைத் தேடிச் சேர்க்க மத்திய சர்க்கார் புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் அதே 1964-ல்தான். ராஜலட்சுமி படங்களுக்கு அது ரொம்ப லேட்!

படத்தைக் கழுவி வெள்ளி!

படமெல்லாம் எங்கே போச்சு? அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டில் செய்தது. பஞ்சில் நெருப்பு விழுந்த மாதிரி பற்றிக்கொள்ளும். எரிந்தது பாதி. மீதியை மனிதர்களே அழித்தார்கள். பிலிமின் மேல் பூச்சில் வெள்ளி இருக்கும். ஓட்டம் முடிந்த படத்தை எடைக்கு வாங்கிக் கழுவி, வெள்ளியைப் பிரித்து எடுத்து விற்றார்கள். ‘ஆலம் ஆரா’ படத்துக்கே அந்தக் கதிதான் என்பது, காப்பகத்தின் பி.கே.நாயர் தேடிப் போனபோது தெரிந்தது. ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ‘மிஸ் கமலா’வும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

ஆனால் நம்பிக்கை தருகிற சங்கதி ஒன்று உண்டு. குமுளி மலை ஏறி இறங்கினால் கேரளா. அங்கே திருவனந்தபுரத்தில் 1974-ல் ஓர் அதிசயம் நடந்தது. ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற ஊமைப்படம் 1933-ல் வெளியானதுமே, கதை உரிமைத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் முடங்கியது. 40 வருஷம் கழித்து, வழக்குப் போட்ட புத்தகக் கம்பெனியின் கிடங்கிலேயே அது கிடைத்தது! காப்பகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது. அதை டைரக்ட் செய்தவர் யார் தெரியுமா? ‘வள்ளி திருமணம்’ எடுத்த அதே பி.வி.ராவ்தான்.

ஸ்டூடியோவில் இல்லாதது ஒரு புத்தகக் கடையில் கிடைத்ததே! அப்படியானால் கம்பத்திலோ, போடியிலோ, சின்னமனூரிலோ ஒரு வீட்டுப் பரணில் கிடைக்கக் கூடாதா? தேனிக்குச் சம்பந்தம் என்ன என்று கேட்டீர்களே, அது இதுதான்.

பரணைப் பாருங்க!

கீற்றுக்கொட்டகை டூரிங் டாக்கீஸ் எல்லாம் போய்விட்டது. ஆனால் கொட்டகை நடத்திய குடும்பங்கள் இருக்கின்றன. அப்பத்தா காலத்துத் தகரப்பெட்டிகள் இருக்கின்றன. அதில் பழைய பாட்டுப் புத்தகம், கிராமபோன் தட்டு, சினிமா நோட்டீஸ் கிடந்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுடாதீங்க. பேப்பர் கடைக்காரர்களும் கிழித்துப் பொட்டலம் மடிக்கும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, சொன்னால் போதும்.

பிலிம் டப்பாவே அகப்பட்டால் ஜாக்கிரதை! அடுப்பு, பீடி நெருப்பு பக்கத்தில் வேண்டாம். மிஷினில் போட்டு ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். நிழலான இடத்தில் வைத்துவிட்டு, புனே காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

ஊர் ஏச்சைப் பொருட்படுத்தாமல் ஒரு பெண் தன் கதையைத் தானே படமாக்கிக் காட்டினாள். அந்தப் படத்தில் பத்தடி கிடைத்தாலும் போதும், தமிழ்நாடே திரும்பிப் பார்க்கும்!