அண்ணல் அம்பேத்கரும் இசையும்

அண்ணல் அம்பேத்கரை ஒரே கோலத்தில் கண்டு பழகிவிட்டோம் நாம். நீலநிறக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, இடக்கையில் அரசியல் சட்டப் புத்தகம், முன்னோக்கி நீண்ட வலக்கை விரல். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை நம் குடியிருப்புகளின் முகப்பில் நிற்கும் சிலைகள் யாவும் இக்கோலத்தினவே. அக்கையில் ஒரு வயலினும் வில்லும் இருந்த மாலைப் பொழுதுகளை எந்தச் சிற்பியும் வடித்ததாக நாம் காணவில்லை. வெள்ளிவிழா மலரில் அண்ணலின் வரலாற்றை எழுதும் பொறுப்பு நமக்கு வந்தபோது, பலரும் அறிந்த சட்டப்பணியை மீண்டும் விரித்துரைப்பதைவிட, அவர் செவியில் வாழ்நாள் முழுதும் ஒலித்த இசையின் வழியே அவரைக் காண்பது பயன் தரும் என்று எண்ணினோம்.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் சங்கத்தின் மாலைப் பள்ளியில் இசை வகுப்புத் தொடங்கலாமா என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் பெரியோர் சிலர் கடிந்து மறுத்தனர். அவர்கள் மறுப்பில் நியாயம் இல்லாமற் போகவில்லை. மேளம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் நினைவுக்கு வருவது ஊரார் வீட்டுச் சாவும், கூலியென்று தூக்கி எறியப்பட்ட சில்லறையும், அடிக்க மறுத்த நாளில் பட்ட அடியுமே. இசை என்பது அவர்களுக்குக் கலையாக வரவில்லை, ஊழியமாகவே வந்தது. அவ்வூழியத்தை உதறியதுதான் அவர்தம் தலைமுறையின் முதல் விடுதலை. பிள்ளைகள் கையில் மீண்டும் இசைக்கருவியைக் கொடுப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். அண்ணலின் வாழ்வை இக்கேள்வியோடு படிக்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாமில் அண்ணல் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், இராணுவத்தில் சுபேதார்; படைப்பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர்; கபீர் நெறியினர். பதினைந்தாம் நூற்றாண்டில் காசியில் தறி நெய்து வாழ்ந்த கபீரின் பாடல்கள் அவ்வீட்டில் நாள்தோறும் ஒலித்தன. துக்காராம் முதலிய மராட்டிய அடியார்களின் அபங்கங்களும் அவற்றோடு சேர்ந்தன. வைகறையில் எழுப்புவதும் அந்திப்பொழுதில் எல்லாரையும் ஒன்றாக அமர்த்திப் பாட வைப்பதும் தந்தையாரின் கண்டிப்பான வழக்கம். உறங்கப் போகுமுன் இராமாயண, பாரதப் பகுதிகளைச் சிறுவன் பீமனும் அவன் தமையனும் படிக்க, தமக்கையரும் கதை கேட்க வந்தோரும் கேட்பார்கள். தாயார் பீமாபாய் அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே மறைந்தார். தாயற்ற வீட்டை அப்பாடல்களே நிரப்பின என்று சொன்னால் மிகையாகாது என்று நினைக்கிறோம்.

வீட்டுக்குள் பாட்டு, வெளியே கோணிப்பை. பள்ளியில் தனியே கோணியின்மீது அமர்ந்ததும், ஏவலாள் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க முடியாதிருந்ததும் நாம் பலகால் சொல்லக் கேட்டவையே. இங்குக் குறிக்க வேண்டியது வேறொன்று. அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பிள்ளைக்கு அம்மொழி மறுக்கப்பட்டமையால் பாரசீகம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஓதப்படும் ஒலியே விலக்கப்பட்ட ஒலியாக இருந்தது. பின்னாளில் அம்மொழியைத் தாமே கற்றார். பாலி மொழியையும் கற்று அதற்கு அகராதி ஒன்று தொகுக்க முனைந்தார். ஒருவன் காதுக்கு எது எட்டலாம், எது எட்டக்கூடாது என்று வரையறுப்பதும் தீண்டாமைதான். குளத்து நீரைப் போல ஒலிக்கும் வேலி இருந்தது.

பம்பாயில் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறை. இரவு இரண்டு மணிவரை தந்தை விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டுப் பிறகு தாம் உறங்குவாராம். அந்தத் தந்தை 1913 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு மகன் பரோடா மன்னரின் உதவிபெற்று நியூயார்க்கின் கொலம்பியப் பல்கலைக்கழகம் சென்றார். அதன்பின் இலண்டன், முனைவர் பட்டங்கள், பாரிஸ்டர் பட்டம். அக்காலத்து வரலாறு முழுதும் நூலகமும் பசியுமே. பாட்டுக்கு அங்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. எனவே நாமும் விரைந்து கடந்து செல்கிறோம்.

1927இல் மகாடு குளத்துப் போராட்டம் நடந்தது. செத்த மாட்டை இழுப்பதையும் அதன் இறைச்சி உண்பதையும் விட்டொழிக்குமாறு அங்கே தம் மக்களை அவர் வேண்டினார். நம் பெரியோர் சாவுமேளத்தை விட்டதும் இதே வழியில்தான். ஆனால் இயக்கம் வளர வளர, அவர் பின்னால் ஒரு பாட்டுப் படையும் வளர்ந்தது என்பதை நம் பக்கத்தில் பலர் அறியார். மராட்டிய நாட்டில் ஜல்சா எனப்படும் பாட்டும் நாடகமும் கலந்த கூத்து உண்டு. பீம்ராவ் கர்டக் போன்றோர் குழு அமைத்து, ஊர் ஊராகச் சென்று, கல்வியையும் தன்மதிப்பையும் பாட்டாகப் பாடினர். வாமன்தாதா கர்டக் (1922-2004) எழுதிய பாடல்கள் எழுத்தறியாதோர் நாவிலும் இன்றுவரை நிலைத்துள்ளன. தாம் ஆற்றும் பல சொற்பொழிவுகளின் வேலையை ஒரே ஜல்சா செய்துவிடுகிறது என்று அண்ணல் மதிப்பிட்டதாக அவ்வியக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஊழியமாக அடித்த அதே கைகள், தாமே விரும்பித் தம் மக்களுக்காக அடிக்கத் தொடங்கின. கருவி மாறவில்லை, கட்டளையிட்டவர் மாறிவிட்டார்.

ஆயினும் பக்திப் பாட்டைப் பற்றி அண்ணலுக்கு மயக்கம் இருந்ததில்லை. மனைவியார் ரமாபாய் பண்டரிபுரம் சென்று விட்டலனை வணங்க ஆசைப்பட்டபோது, தீண்டப்படாதார் எட்ட நின்றே கும்பிட வேண்டிய கோயிலுக்கு அழைத்துச் செல்ல அவர் இசையவில்லை. வேறொரு பண்டரிபுரத்தை நாமே படைத்துக்கொள்வோம் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார். அந்த அம்மையார் 1935 மே மாதம் மறைந்தார். மறு ஆண்டு, சாதி ஒழிப்பு பற்றிய தம் நூலை முன்னிட்டு எழுந்த விவாதத்தில், அடியார்கள் கடவுள்முன் மனிதர் சமம் என்று பாடினரேயன்றி மனிதர்முன் மனிதர் சமம் என்று போராடவில்லை என அவர் எழுதினார். அடியார் பாட்டால் ஒரு சாதியும் ஒழியவில்லை என்பது அவர் கணிப்பு. கடுமையான கணிப்புதான், தவறென்று மறுக்க நம்மால் இயலவில்லை.

அப்படிக் கணித்தவரே 1948இல், தீண்டப்படாதார் யார், எவ்வாறு அந்நிலைக்கு ஆளாயினர் என்று ஆராயும் நூலை எழுதி, அதை மூன்று அடியார்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மகர் குலத்துச் சொக்காமேளர், காசியில் செருப்புத் தைத்த ரவிதாசர், நம் தமிழ்நாட்டு நந்தனார். இம்மூவரும் பாட்டோடு பிணைந்தவர்கள். தோல் தொழிலால் வாழும் நம் வட்டாரத்தார் ரவிதாசரையும் நந்தனாரையும் சற்று நின்று நோக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகில் முழங்கிற்று. கொடுத்த கை கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்றது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை அலசிய தந்தையரைப் பெற்ற நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோய்ந்த கைகள் செய்து கொடுத்த பொருள் எங்கெங்கோ சென்றது. அக்கைகளுக்கு உரியோர் எவ்வளவு தூரம் சென்றனர்?

இடையில் ஒன்று சொல்லிச் செல்வோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் அவையில் தொழிலாளர் துறையை அண்ணல் வகித்தார். ஆலை வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால். எட்டு மணி வேலை முடித்து மாலையில் ஒரு மனிதன் பாட்டுக் கேட்க ஓய்வு பெறுவதும் சட்டத்தால் வருவதே. அச்சட்டம் நம் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களின் வாயிலுக்குள் நுழைய எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது என்பதைத் தொழிற்சங்கத்து மூத்தோரிடம் கேட்டறியலாம்.

அரசியல் சட்டப் பணி 1949 நவம்பர் 26இல் நிறைவெய்தியது. 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். சர்க்கரை நோயும் கால்வலியும் வாட்டிய பிற்காலத்தில்தான் அவர் ஆசிரியரிடம் வயலின் பயின்றார். தூரிகை எடுத்து ஓவியமும் பழகினார். உலகம் வியக்கும் பட்டங்களைப் பெற்ற ஒருவர், முதுமை நெருங்கும் பருவத்தில், விரலை எங்கே வைப்பது என்று தெரியாத மாணவராக மீண்டும் அமர்ந்தார். எத்துணை தேர்ச்சி பெற்றார் என்பது நமக்கு முக்கியமன்று. யாரும் அவரை வாசிக்குமாறு ஏவவில்லை. எவர் வீட்டுச் சடங்குக்காகவும் அவர் வாசிக்கவில்லை. தமக்காக வாசித்தார். நம் பெரியோர் கவலைக்கு இதுவே விடை என்று நாம் கருதுகிறோம். அவர் பயன்படுத்திய வயலின் புனே நகரில் சிம்பயாசிஸ் நிறுவனத்தாரின் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மராட்டிய நாடு செல்லும் நம் இளைஞர்கள் சைத்தியபூமியோடு திரும்பிவிடாமல் அதனையும் கண்டு வரவேண்டும்.

1954 அக்டோபரில் பம்பாய்க் கூட்டமொன்றில், புத்தர், கபீர், ஜோதிராவ் பூலே ஆகிய மூவரே தம் ஆசான்கள் என்று அவர் அறிவித்தார். அம்மூவருள் கபீர் நூலகத்திலிருந்து வந்தவரல்லர். தந்தையின் குரலில் வந்தவர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், முதிய துறவி சந்திரமணியிடம் பாலி மொழியில் மும்மணிச் சரணம் ஏற்றுப் பௌத்தரானார். பிறகு தாமே எழுந்து நின்று, திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அச்சரணத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஓதும் ஒலி மறுக்கப்பட்ட மாணவர் அன்று ஓதுவித்தார். அதன்பின் அவர் வாழ்ந்தது ஐம்பத்து மூன்று நாட்களே.

டிசம்பர் 5 மாலை. தில்லி, அலிப்பூர் சாலை, 26ஆம் எண் இல்லம். சமணப் பெரியோர் சிலர் வந்து பேசிச் சென்றனர். அவருடன் இருந்த உதவியாளர் நானக் சந்த் ரட்டு அவ்விரவை விரிவாக எழுதி வைத்துள்ளார். ரட்டு கால்களைப் பிடித்துவிட, அண்ணல் கண்மூடிச் சரண மொழிகளை மெல்ல இசைக்கத் தொடங்கினார். பின்னர், வானொலியோடு இணைந்த இசைத்தட்டுப் பெட்டியில் புத்தர் பாடல் இசைத்தட்டை வைக்கச் சொன்னார்; இசைத்தட்டோடு தாமும் சேர்ந்து பாடினார். உணவு சிறிதே உண்டார். அலமாரியிலிருந்து சில நூல்களை எடுத்துக்கொண்டு கோலூன்றி நடக்கையில் அவர் நாவில் வந்தது கபீரின் பாட்டு. பிறவிக் கடலோரத்துத் தங்கலை விட்டுப் புறப்படுமாறு கபீர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. அடியார் பாட்டால் சாதி ஒழியவில்லை என்று எழுதியவரின் வாயில் இறுதியாக வந்தது அடியார் பாட்டே. இதில் முரண் இருப்பதாகச் சிலர் கூறுவர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்வாக அவர் அதை ஏற்கவில்லை. தாயற்ற வீட்டில் தந்தை பாடிய பாட்டாக அதைக் கைவிடவுமில்லை.

படுக்கைக்குச் சென்றவர், புத்தரும் அவர் தம்மமும் என்னும் தம் நூலின் முன்னுரைத் தாள்களை மேசைமேல் வைக்கச் சொன்னார். இரவு பதினொரு மணிக்குமேல் ரட்டு விடைபெற்றார். 6ஆம் நாள் காலை அண்ணல் எழவில்லை. நூலை மறு ஆண்டு, 1945இல் அவரே தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம் வெளியிட்டது. முன்னுரை அப்பதிப்பில் சேரவில்லை. 1980இல் பகவான் தாஸ் அதை அச்சேற்றிய பின்னரே பலர் அறிந்தனர். அதன் தொடக்கப் பகுதியில், ஒரு கண்டிப்பான சுபேதாரின் வீட்டில், இரவுதோறும் கூடியிருந்தோர் கேட்க, இரண்டு சிறுவர்கள் கதை படித்த செய்தி எழுதப்பட்டிருக்கிறது.