செயற்கைக் காலோடு 5,373 கி.மீ. ஓடிய டெர்ரி ஃபாக்ஸ்: காலையே எடுத்த பிறகும் புற்றுநோய் திரும்பியது ஏன்?

1980 செப்டம்பர் 1. கனடாவின் தண்டர் பே நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த 22 வயது இளைஞருக்குத் திடீரென இருமல், நெஞ்சுவலி. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நண்பர் ஓட்டிவந்த வேனில் ஏறி மருத்துவமனைக்குப் போனார். மூன்றரை வருஷத்துக்கு முன்னாடி காலோடு போயிடுச்சுன்னு நம்பிய புற்றுநோய், இப்போது நுரையீரலில் இருந்தது.

யார் இந்த டெர்ரி ஃபாக்ஸ்?

1958-ல் வின்னிபெக் நகரில் பிறந்தவர். பள்ளி, கல்லூரி நாட்களில் கூடைப்பந்துதான் உயிர். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்தில் சிக்கினார். அப்போது வலது முழங்காலில் லேசான வலி மட்டும்தான். டிசம்பரில் வலி திரும்ப வந்தபோதும், விபத்தில் பட்ட அடிதான்னு விட்டுட்டார். விளையாட்டு சீசன் முடியட்டும் என்று காத்திருந்தார்.

1977 மார்ச்சில் வலி தாங்க முடியாமல் போனபோது தெரியவந்தது, ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18.

15 சதவீதம், 50 சதவீதம்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 16 மாதம் கீமோதெரபி. பிழைக்க 50 சதவீத வாய்ப்பு இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தால் அது வெறும் 15 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஆராய்ச்சி என்பது அவர் மனதில் பதிந்தது. ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட கனடாவைக் குறுக்காக ஓடிக் கடப்பது என முடிவெடுத்தார்.

1980 ஏப்ரல் 12-ல் அட்லாண்டிக் கரையில் தொடங்கினார். ஒரு நாளைக்கு சுமார் 42 கி.மீ., கிட்டத்தட்ட ஒரு முழு மாரத்தான் தூரம். வழியில் மருத்துவப் பரிசோதனைக்குப் போக மறுத்தார், பிறந்தநாளில்கூட ஓய்வெடுக்கல. 143 நாளில் 5,373 கி.மீ. ஓடியிருந்தார்.

எடுத்த இடத்தில் இல்லாமல் நுரையீரலில் வந்தது எப்படி?

எலும்பு, தசை, கொழுப்பு, நார்த்திசு போன்றவற்றில் தொடங்கும் புற்றுநோய்களுக்குப் பொதுப் பெயர் சார்கோமா. கை, காலில் வரும் சார்கோமா பெரும்பாலும் ரத்தம் வழியாகப் பரவும். ஸ்கேனில் தெரியாத அளவு நுண்ணிய செல்கள், காலை எடுப்பதற்கு முன்பே நுரையீரலுக்குப் போய் ஒளிந்திருக்கலாம். அதை அழிக்கத்தான் கீமோதெரபி. அதையும் தாண்டித் தப்பிக்கும் செல்கள் பிறகு வளரும்.

திரும்பி வருவது பெரும்பாலும் முதல் 2, 3 வருஷங்களில். ஆனால் டெர்ரிக்கு மூன்றரை வருஷம் கழித்து வந்தது. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் பல வருஷம் நெஞ்சு ஸ்கேன் உள்ளிட்ட தொடர் பரிசோதனை அவசியம் என்கிறார்கள் டாக்டர்கள். பரவல் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

இன்று நிலைமை என்ன?

பரவாத நிலையில் கண்டுபிடித்தால், ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் 10-க்கு 6, 7 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். பலருக்குக் காலை எடுக்காமல், பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் நீக்க முடிகிறது.

கவனிக்க வேண்டியவை: வாரக்கணக்கில் போகாத, இரவில் கூடும் எலும்பு வலி. கை, தொடையில் வளர்ந்துகொண்டே போகும் கட்டி, குறிப்பாக 5 செ.மீ.க்கு மேல். மென்திசு சார்கோமா கட்டி பல நேரம் வலிக்காது, அதனால் வலி இல்லையேன்னு விட்டுடாதீங்க. ஸ்கேன், திசுப் பரிசோதனை செய்யாமல் கட்டியை அகற்றுவதும் ஆபத்து.

டெர்ரி 1981 ஜூன் 28-ல் இறந்தார். 23-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்கு முன்பே, கனடாவின் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு டாலர் வீதம் 2.4 கோடி டாலர் என்ற அவரது இலக்கு நிறைவேறிவிட்டது. அவர் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டங்கள் இதுவரை 80 கோடி கனடா டாலருக்கும் மேல் திரட்டியிருக்கின்றன. அந்த 50 சதவீதத்தை இன்னும் மேலே கொண்டுபோகத்தான் அந்தப் பணம் செலவாகிறது.