லியோ பேக்லண்ட்

லியோ என்ட்ரிக் பேக்லண்ட் (நவம்பர் 14, 1863 – பெப்ரவரி 23, 1944) பெல்ஜியத்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் ஆவார். வெலாக்ஸ் ஒளிப்படத் தாளையும், முதலாவது முழுச் செயற்கை நெகிழியான பேக்கலைட்டையும் உருவாக்கியவர். பிசினுடன் நார்ப்பொருள்களைச் சேர்த்து வலுவூட்டும் முறை தொழில்துறையில் பரவ இவரது பணி வழிவகுத்தது.

இளமை

கென்ட் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். நகராட்சியின் உதவித்தொகை பெற்றுக் கென்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று 1884 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1889 இல் தம் பேராசிரியர் தியோடோர் சுவார்ட்சின் மகள் செலினை மணந்தார். அதே ஆண்டு அமெரிக்கா சென்று அங்கேயே தங்கினார்.

வெலாக்ஸ்

அக்காலத்தில் ஒளிப்படங்களைப் படியெடுக்கச் சூரிய ஒளி தேவைப்பட்டது. விளக்கொளியிலேயே படியெடுக்க உதவும் வெலாக்ஸ் தாளை இவர் உருவாக்கினார். அதைத் தயாரித்த நிறுவனத்தை 1899 இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பெருந்தொகைக்கு வாங்கினார். அப்பணத்தால் யோங்கர்ஸ் நகரில் தம் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

பேக்கலைட்டு

மின்காப்புக்கு அப்போது பயன்பட்ட அரக்கு, ஆசியாவில் வாழும் பூச்சிகளிலிருந்து கிடைத்தது. மின்துறை வளர வளர அதன் தேவை பெருகியதால் மாற்றுப்பொருள் தேடப்பட்டது. பீனாலும் ஆல்டிகைடுகளும் வினைபுரிந்து பிசினாவதை அடால்ப் வான் பேயர் 1872 இல் கண்டிருந்தார். எதிலும் கரையாத அப்பொருளைப் பயனற்றதென வேதியியலாளர்கள் ஒதுக்கினர். பேக்லண்ட் அக்குறையையே பயனாகக் கொண்டார். முதலில் மரத்தில் பிசினை ஊறச்செய்து கடினமாக்க முயன்றார். பின்னர், சூடாக்கும்போது ஆவி வெளியேறிப் பிசின் நுரைப்பதை உயர் அழுத்தத்தால் தடுத்தார். இதற்கெனப் பேக்கலைசர் என்னும் அழுத்தக்கலனை அமைத்தார். 1907 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1909 இல் கண்டுபிடிப்பை அமெரிக்க வேதியியல் கழகத்தில் அறிவித்தார். 1910 இல் ஜெனரல் பேக்கலைட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நிரப்பிகளும் வலுவூட்டலும்

தூய பேக்கலைட்டு கடினமானது. ஆனால் எளிதில் உடையும். மரத்தூள் சேர்த்தபோது அது அதிர்ச்சியைத் தாங்கியது. வெப்பத்தைத் தாங்கக் கல்நார் சேர்க்கப்பட்டது. பிசினில் ஊறிய துணி அல்லது தாள் அடுக்குகளை அழுத்திப் பற்சக்கரங்களும் மின்காப்புப் பலகைகளும் செய்யப்பட்டன. பார்மைக்காவும் இவ்வகையில் தோன்றியதே. இவற்றில் பிசின் வடிவத்தைக் காத்து, தன் மீது விழும் சுமையை நாருக்குக் கடத்துகிறது; நார் வலிமை தருகிறது. நார் பிசினுடன் நன்கு ஒட்டாவிட்டால் இப்பயன் கிட்டாது.

பல்லுறுப்பிகளைக் கார்பன் நானோ குழாய்களால் வலுவூட்டுவதும் இதே நெறியின் தொடர்ச்சியாகும். மரத்தூளைவிடப் பன்மடங்கு வலிமை மிக்க இக்குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையவை. எனவே அவற்றைப் பிசினில் சீராகப் பரப்புவதும் பிசினோடு பிணைப்பதும் முதன்மைச் சிக்கல்களாக உள்ளன.

பேக்கலைட்டின் மறுபக்கமும் குறிப்பிடத்தக்கது. ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாததால் மறுசுழற்சி கடினம். கல்நார்த் தூசு நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாவது பின்னர் உறுதியானது. நானோ குழாய்களைக் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்பு ஆராயப்படுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகும்.

பிற்காலம்

1924 இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரானார். 1939 இல் தம் நிறுவனத்தை யூனியன் கார்பைடுக்கு விற்று ஓய்வு பெற்றார். நியூயோர்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் காலமானார். இவர் பயன்படுத்திய பேக்கலைசர் வாசிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.