யார் இந்த மேஜர் கெல்லி? ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரை விட்டுக்கொடுக்காத பைலட்!

1964, வியட்நாம் போர். அமெரிக்க ராணுவத்தின் 57-வது மருத்துவப் பிரிவிடம் இருந்ததே 5 ஹெலிகாப்டர்தான். ரேடியோவில் அவர்களின் பெயர் 'டஸ்ட் ஆஃப்'.

காயம்பட்டவர்களுக்கு மட்டும் எதுக்கு தனி ஹெலிகாப்டர், மற்ற வேலைக்கும் எடுத்துக்கலாமே என மேலிடம் நெருக்கியது. பிரிவின் தலைவர் சார்லஸ் கெல்லி மசியவில்லை. மீகாங் டெல்டா முழுக்க ராத்திரியிலும் சுற்றி, காயம்பட்டவர்கள் இருக்கிறார்களா என ரேடியோவில் விசாரித்தார். ஓயாமல் ஓடும் வண்டியை யார் பிடுங்க முடியும்?

ஜூலை 1. வின் லாங் அருகே இறங்கியதும் துப்பாக்கிச்சூடு. உடனே கிளம்பும்படி தரையிலிருந்து எச்சரித்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றாமல் நகர அவர் மறுத்தார். திறந்த கதவு வழியே பாய்ந்த குண்டு இதயத்தைத் துளைத்தது. ஹெலிகாப்டர் விழுந்தது, உடனிருந்தவர்கள் தப்பினர்.

அதன்பின் அந்தத் திட்டத்தை மேலிடமே கைவிட்டது. அமெரிக்க ராணுவ ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு இன்றும் 'டஸ்ட் ஆஃப்'தான் பெயர்.